நீரிலிருந்து கதிரியக்கத்தைப் பிரிக்கும் கற்கள்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு அறிவியல் பிரிவு மாணவியர்

கிணற்று நீர் கலங்கி வந்தால் நம் பாட்டிமார் என்ன செய்வார்கள்? தேற்றாங்கொட்டை ஒன்றை எடுத்து, மண்பானையின் உட்புறத்தில் நன்றாகத் தேய்த்து, அதில் நீரை ஊற்றி மூடி வைப்பார்கள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் கலங்கல் எல்லாம் அடியில் தங்கியிருக்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். பாட்டி அந்தச் சேற்றை அழித்துவிடவில்லை. பானை முழுவதும் பரவிக் கிடந்த சேற்றை ஒரு பிடி வண்டலாக ஓரிடத்தில் ஒதுங்கச் செய்தார்; அவ்வளவே.

அணுசக்தி நிலையங்களில் உண்டாகும் கழிவுநீரைத் தூய்மை செய்யும் விஞ்ஞானிகளின் வேலையும் ஏறத்தாழ இத்தகையதே. ஆனால் அங்கே சேறு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உப்பைப் போல நீரில் முற்றிலும் கரைந்து நிற்கும் அணுக்கள் அவை. அவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கச் சில கற்களும் பிசின்களும் சாயப் பொருள்களும் பயன்படுகின்றன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன, எதைச் செய்ய வல்லவை, எதைச் செய்ய இயலாதவை என்பதைத் தோழியரோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழிவுநீர் வரும் வழி

அணு உலையில் யுரேனிய அணுக்கள் பிளவுபடும்போது வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பத்தால் நீராவியும், நீராவியால் மின்சாரமும் கிடைக்கின்றன. அதே வேளையில் பிளவுபட்ட துண்டுகளாகப் பல புதிய அணுக்களும் உண்டாகின்றன. சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90, அயோடின்-131 என்பவை அவற்றுள் முக்கியமானவை. உலையின் எஃகுப் பகுதிகளிலிருந்து கோபால்ட்-60 என்பதும் தோன்றுகிறது. எரிந்து முடிந்த எரிபொருளை ஆழமான தொட்டிகளில் நீருக்குள் வைத்துக் குளிர்விக்கிறார்கள். எரிபொருளின் உறை அரித்துப் போனாலோ, உலைக்கே விபத்து நேர்ந்தாலோ இத்தனிமங்கள் நீரில் கலந்துவிடுகின்றன.

இவற்றின் ஆபத்து இவற்றின் உறவுமுறையில் இருக்கிறது. தனிம வரிசை அட்டவணையில் சீசியம், சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் கீழே அதே குடும்பத்தில் நிற்கிறது. ஆகவே நம் உடல் அதைப் பொட்டாசியம் என்றே எண்ணித் தசைகளில் ஏற்றுக் கொள்கிறது. ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் உடன்பிறப்பு. அது எலும்பில் போய்த் தங்குகிறது. அயோடின் தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பியை நாடுகிறது. விருந்தினரைப் போல வந்து வீட்டுக்குள் குடியேறும் பகைவர் என்று இவற்றைக் கூறலாம்.

காலம் ஒன்றே மருந்து

நுண்ணுயிர்கள் கலந்த நீரைக் கொதிக்க வைத்தால் அவை மடிந்துவிடும். கதிரியக்க அணுவை அப்படி எதுவும் செய்ய முடியாது. காய்ச்சினாலும், அமிலத்தில் இட்டாலும், வேறு சேர்மமாக மாற்றினாலும் அதன் உட்கரு அசையாது. வேதிவினைகள் அணுவின் வெளிப்புற எலக்ட்ரான்களோடு நின்றுவிடுகின்றன; கதிரியக்கமோ உட்கருவின் செயல்.

அதைத் தணிக்கக் கூடியது காலம் ஒன்றுதான். அயோடின்-131 எட்டு நாட்களில் பாதியாகக் குறையும். கோபால்ட்-60க்கு ஐந்தேகால் ஆண்டுகள் வேண்டும். சீசியம்-137க்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளும், ஸ்ட்ரான்சியம்-90க்கு ஏறத்தாழ 29 ஆண்டுகளும் அரைவாழ்வுக் காலம் ஆகும். ஒரு பொருள் பத்து அரைவாழ்வுக் காலங்களைக் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அதாவது சீசியம் அந்த நிலையை அடைய 300 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

லட்சக்கணக்கான லிட்டர் நீரை 300 ஆண்டுகள் தொட்டிகளில் காத்து வைப்பது எளிதா? தொட்டி துருப்பிடிக்கும், ஒழுகும், நிலநடுக்கம் வரும். நீரைப் பத்திரப்படுத்துவதைவிட அதிலுள்ள சிறிதளவு நஞ்சை மட்டும் பிரித்து, ஒரு சிறு கலத்துக்குள் அடக்கிக் காப்பது எளிது. ஆகவேதான் கவரும் பொருள்களைத் தேட வேண்டியதாயிற்று.

இரண்டு தம்ளர் சோதனை

வடிதாளில் ஊற்றினால் மணல் தங்கும். கரைந்த உப்பு தங்காது. கரைந்திருக்கும் ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால் அதைத் தன்பால் ஈர்த்துக் கொள்ளும் பொருள் தேவை. இதை வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். ஒரு தம்ளர் நீரில் இரண்டு சொட்டுப் பேனா மையையும், மற்றொரு தம்ளரில் ஒரு கரண்டி உப்பையும் கரைப்போம். இரண்டிலும் நன்றாகப் பொடித்த கரியைப் போட்டுக் கலக்கி, சிறிது நேரம் சென்றபின் வடிகட்டுவோம். மை நீரின் நிறம் குறைந்திருக்கும். உப்பு நீரோ கரித்தபடியே இருக்கும்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, மைத்துகள் கரியின் எண்ணற்ற நுண்துளைகளின் பரப்பில் ஒட்டிக் கொண்டது. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். இரண்டு, எந்தப் பொருளும் எல்லாவற்றையும் கவர்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விருப்பம் உண்டு. இந்தத் தேர்ந்தெடுக்கும் தன்மையே நம் கட்டுரையின் உயிர்நாடி.

வயல் மண் சொன்ன செய்தி

கரைந்த அயனிகளைப் பிடிக்கும் வழியை முதலில் காட்டிக் கொடுத்தது வயல் மண் ஆகும். இங்கிலாந்தில் தாம்சன், வே என்னும் இருவர் மண்ணையும் எருவையும் பற்றி ஆராய்ந்து 1850-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். அம்மோனியம் சல்பேட் கரைசலை மண்ணின் வழியே செலுத்தியபோது, அடியில் கால்சியம் சல்பேட் வெளிவந்தது! மண் அம்மோனியத்தை வாங்கிக் கொண்டு, அதற்கு ஈடாகத் தன்னிடமிருந்த கால்சியத்தைக் கொடுத்துவிட்டது. அரிசியைக் கொடுத்துப் பருப்பை வாங்குவது போன்ற இந்தப் பண்டமாற்றுக்கே அயனிப் பரிமாற்றம் என்று பெயர்.

இப்பண்டமாற்றில் கைதேர்ந்த ஒரு கல் உண்டு. அதன் பெயர் ஜியோலைட். சுவீடன் நாட்டுக் கனிமவியலார் குரோன்ஸ்டெட் என்பவர் 1756-ஆம் ஆண்டு ஒரு கனிமத்தைச் சூடேற்றியபோது அதிலிருந்து ஆவி கொப்பளித்து வருவதைக் கண்டார். எனவே கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும்படி இப்பெயரை இட்டார். அந்த ஆவி கல்லின் நுண்ணறைகளில் குடியிருந்த நீர்தான்.

ஜியோலைட்டின் உள்ளமைப்பு தேன்கூட்டைப் போன்றது. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்து கட்டிய சட்டத்தில் இடையிடையே சில சிலிக்கான் அணுக்களுக்குப் பதிலாக அலுமினியம் அமர்ந்திருக்கிறது. சிலிக்கானைவிட அலுமினியத்துக்கு ஒரு நேர்மின்சுமை குறைவு. ஆகவே அவ்விடத்தில் சட்டத்துக்கு ஓர் எதிர்மின்சுமை மிஞ்சுகிறது. அதை ஈடுகட்டச் சோடியம் அயனி ஒன்று அருகில் வந்து அமர்கிறது. அது சட்டத்தோடு இறுகப் பிணைந்ததன்று; வேறு தகுந்த அயனி வந்தால் எழுந்து இடம் கொடுத்துவிடும்.

கூட்டத்தில் ஒருவரைத் தேடுதல்

சீசியம் வந்தால் சோடியம் ஏன் இடம் கொடுக்கிறது? இரண்டும் ஒரே குடும்பம், ஒரே மின்சுமை அல்லவா? விடை அவை சுமந்து வரும் நீரில் இருக்கிறது. நீரில் கரைந்த ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கின்றன. சோடியம் அயனி உருவில் சிறியது. ஆதலால் தன் நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக் கொள்கிறது. சீசியம் உருவில் பெரியது. அதன் பிடி தளர்ந்தது. நெரிசலான பேருந்தில் மூட்டை முடிச்சுகளோடு ஏற முயல்பவரைப் போன்றது சோடியம். சீசியமோ மூட்டையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே சென்று சுவரோரம் நன்றாக அமர்ந்துவிடுகிறது.

ஆயினும் போட்டி கடுமையானது. எவ்வளவு கடுமை என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அதை ஒரு பெக்கரல் என்பர். ஒரு கிராம் சீசியம்-137 வினாடிக்கு ஏறத்தாழ 3.2 லட்சம் கோடி பெக்கரல் கதிரியக்கம் உடையது. ஒரு லிட்டர் கடல்நீரில் 10 லட்சம் பெக்கரல் சீசியம் கலந்திருப்பதாக வைத்துக் கொள்வோம். அதன் எடை ஒரு கிராமில் ஒரு கோடியில் மூன்று பங்கு மட்டுமே. அதே லிட்டரில் சோடியமோ ஏறத்தாழ 10.8 கிராம் இருக்கிறது. அணு எடைகளைக் கொண்டு வகுத்துப் பார்த்தால், ஒரு சீசியம்-137 அயனிக்குச் சுமார் 20 கோடி சோடியம் அயனிகள் எதிரே நிற்கின்றன! திருவிழாக் கூட்டத்தில் காணாமற் போன குழந்தையைத் தேடுவதுகூட இதைவிட எளிது. இருபது கோடிப் பேரை விலக்கி அந்த ஒருவரை அடையாளம் காணும் பொருளே நல்ல கவரும் பொருள்.

ஓவியரின் நீலம்

இவ்வாறு சீசியத்தை அடையாளம் காணும் மற்றொரு பொருள் ஓவியரின் வண்ணப் பெட்டியிலிருந்து வந்தது. 'பிரஷ்ய நீலம்' என்னும் அச்சாயம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் உருவானது. இரும்பும் சயனைடும் சேர்ந்து கட்டிய கனசதுரக் கூண்டுகளே அதன் படிக அமைப்பு. அக்கூண்டின் அளவு சீசியத்துக்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. சயனைடு என்றதும் அஞ்ச வேண்டாம். அது இரும்போடு மிக இறுகப் பிணைந்திருப்பதால் நஞ்சாவதில்லை.

1987-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனைக் கட்டடத்திலிருந்த புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியைச் சிலர் பழைய இரும்பென்று எண்ணிக் கழற்றிச் சென்றனர். அதனுள் இருந்த சீசியத் தூள் இருளில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாயிருக்கிறதே என்று அதைப் பலர் கையில் எடுத்துப் பார்த்தனர். உறவினருக்கும் பகிர்ந்து கொடுத்தனர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட நால்வர் இறந்தனர். உடலுக்குள் சீசியம் சென்ற 46 பேருக்குப் பிரஷ்ய நீலம் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. குடலில் அது சீசியத்தைப் பிடித்துக் கொண்டு மலத்தோடு வெளியேறிற்று. 1986-இல் நிகழ்ந்த செர்நோபில் விபத்துக்குப் பின் நார்வே நாட்டில் ஆடுகளுக்கும் கலைமான்களுக்கும் இதையே கொடுத்தார்கள். உயிருள்ள உடலில் இவ்வேலையைச் செய்யும் இதே இனத்துப் பொருள்கள்தாம் ஆலைகளில் கழிவுநீரையும் தூய்மை செய்கின்றன.

விபத்துக் கூடத்தில் கல்லின் பணி

1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் இரண்டாம் உலை பழுதுற்று, அதன் எரிபொருளில் பெரும்பகுதி சிதைந்தது. உலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஏறத்தாழ 23 லட்சம் லிட்டர் கதிரியக்க நீர் தேங்கி நின்றது. அதை அகற்றாமல் மனிதர் உள்ளே சென்று வேலை செய்வது இயலாததாயிருந்தது.

பொறியியலார் ஓர் ஆள் உயரத்துக்கும் குறைந்த எஃகுக் கலங்களில் ஜியோலைட்டை நிரப்பினர். சீசியத்துக்கு ஒரு வகை, ஸ்ட்ரான்சியத்துக்கு ஒரு வகை என இரண்டு ஜியோலைட்டுகளைக் கலந்தே நிரப்பினர். கலம் கதிரியக்கத்தைச் சேர்க்கச் சேர்க்க அதன் அருகே நிற்பது ஆபத்தாகிவிடும். ஆகவே அக்கலங்களை ஆழமான தொட்டி நீருக்குள்ளேயே மூழ்க வைத்து இயக்கினர். நீரே கதிர்களுக்குத் தடுப்புச் சுவராயிற்று. 1981-ஆம் ஆண்டு இப்பணி தொடங்கியது. கட்டடம் நிறைய நின்ற கதிரியக்கத்தின் பெரும்பகுதி சில கலங்களுக்குள் ஒடுங்கியது.

கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முதற்கலத்தின் இருக்கைகள் நிறைந்துவிட்டால் சீசியம் பிடிபடாமல் கசியத் தொடங்கும். அடுத்த கலம் அதைப் பிடித்துக் கொள்ளும். நிறைந்த முதற்கலத்தை அகற்றிவிட்டு, இரண்டாவதை முதலிடத்துக்கு நகர்த்திப் புதியதைப் பின்னால் வைப்பார்கள்.

கடற்கரை கண்ட மாற்றம்

இங்கிலாந்தின் வடமேற்கே ஐரிஷ் கடலோரம் உள்ளது செல்லாஃபீல்டு. அங்கே எரிந்த எரிபொருளைத் தேக்கிய தொட்டிகளின் நீரில் உலோக உறைகள் அரித்துச் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் கலந்தன. அந்நீர் கடலில் விடப்பட்டது. 1975-ஆம் ஆண்டில் மட்டும் 5,000 டெரா பெக்கரலுக்கு மேற்பட்ட சீசியம்-137 கடலில் சேர்ந்தது. ஒரு டெரா பெக்கரல் என்பது ஒரு லட்சம் கோடி பெக்கரல் ஆகும்.

1985-ஆம் ஆண்டு அங்கே அயனிப் பரிமாற்ற ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. அதில் இட்ட பொருள் விலையுயர்ந்த செயற்கைப் பொருள் அன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மலையிலிருந்து வெட்டி எடுத்த கிளினாப்டிலோலைட் என்னும் இயற்கை ஜியோலைட்டே அது. முதலில் மணல் வடிப்பான் சேற்றை நிறுத்துகிறது. பின் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி நீரின் காரத்தன்மையைக் குறைக்கிறார்கள். அதன் பிறகு நீர் ஜியோலைட்டின் வழியே செல்கிறது. சில ஆண்டுகளிலேயே கடலுக்குச் செல்லும் சீசியம் முன்னைய உச்ச அளவில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. எரிமலைச் சாம்பலிலிருந்து இயற்கை சமைத்த ஒரு கல், ஒரு கடலின் சுமையைக் குறைத்தது என்றால் வியப்பாக இல்லையா?

நம் நாட்டிலும் பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் ரிசார்சினால், ஃபார்மால்டிஹைடு இரண்டையும் சேர்த்துச் செய்த ஒருவகைப் பிசினை உருவாக்கி, காரத்தன்மையுள்ள கழிவுநீரிலிருந்து சீசியத்தைப் பிரிக்கப் பயன்படுத்தியுள்ளனர். கல்லில் பிடித்த சீசியத்தை மீண்டும் எடுப்பது கடினம். இப்பிசினையோ அமிலத்தால் கழுவிச் சீசியத்தைச் சிறிதளவு கரைசலில் வாங்கிக் கொண்டு, பிசினைத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

ஃபுகுஷிமாவின் பாடம்

2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நேர்ந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஐ மறவாத நம் கடற்கரை மக்களுக்கு அந்நாளின் துயரத்தை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்தில் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அதைக் குளிர்விக்க முதலில் கடல்நீரையே பாய்ச்ச வேண்டியிருந்தது. பாய்ந்த நீர் நஞ்சேறி அடித்தளங்களில் வழிந்தது. போதாக்குறைக்கு நாள்தோறும் சுமார் 400 டன் நிலத்தடி நீரும் கட்டடங்களுக்குள் புகுந்து அதனோடு கலந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஜியோலைட் கலங்கள் அங்கே வேலை செய்யத் தொடங்கின. சீசியத்தை நீக்கி, உப்பையும் பிரித்து, அந்நீரையே மீண்டும் உலைகளைக் குளிர்விக்க அனுப்பினர். 2013-ஆம் ஆண்டு முதல் மேலும் விரிவான ஓர் அமைப்பு சேர்ந்தது. 62 வகைக் கதிரியக்க அணுக்களைக் குறைப்பதற்கென அது அமைக்கப்பட்டது.

அதன் வேலை முறை நம் சமையலறை ஒழுங்கை நினைவூட்டுகிறது. முதலில் இரும்புச் சேர்மத்தை இட்டு, வீழ்படிவோடு சில அணுக்களைக் கீழே இறக்குகிறார்கள். தேற்றாங்கொட்டையின் வேலை போன்றது இது. அடுத்துக் கார்பனேட்டை இட்டுக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விலக்குகிறார்கள். ஏனெனில் ஸ்ட்ரான்சியத்தைப் பிடிக்கும் இடங்களை அவ்விரண்டும் ஆக்கிரமித்துக் கொள்ளும். அதன் பின்னரே நீர் வரிசையாக நிற்கும் கலங்களுக்குள் நுழைகிறது. சீசியத்துக்குப் பிரஷ்ய நீலத்தின் இனத்தைச் சேர்ந்த பொருள், ஸ்ட்ரான்சியத்துக்கு டைட்டனேட், அயோடினுக்கு வெள்ளி ஏற்றிய பொருள், மற்றவற்றுக்குக் கரியும் பிசினும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலர் அங்கே நிற்கிறார்.

இத்தனை காவலரையும் தாண்டி ஒன்று மட்டும் வெளியே வந்துவிடுகிறது. அதுதான் டிரிட்டியம். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம் அது. அரைவாழ்வுக் காலம் 12.3 ஆண்டுகள். அது நீரில் கரைந்த பொருள் அன்று. ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகவே இருப்பது. நீரிலிருந்து நீரை எந்தக் கல் பிரிக்கும்? இங்கே கவரும் பொருளின் எல்லை முடிகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டிகளில் 13 லட்சம் டன்னுக்கு மேல் நீர் சேர்ந்தது. அதிலிருந்த டிரிட்டியம் முழுவதையும் சேர்த்து நிறுத்தால் சில கிராம் அளவே இருக்கும்.

2021-ஆம் ஆண்டு ஜப்பான் அரசு அந்நீரை மிகுதியான கடல்நீரோடு கலந்து, சிறிது சிறிதாகக் கடலில் விட முடிவு செய்தது. லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கும் குறைவாக டிரிட்டியம் இருக்கும்படி செய்து, 2023 ஆகஸ்ட் 24-ஆம் நாள் விடத் தொடங்கினர். அந்நாட்டுச் சட்டம் கூறும் வரம்பு லிட்டருக்கு 60,000 பெக்கரல். இத்திட்டம் உலகப் பாதுகாப்பு நெறிகளுக்கு ஒத்திருப்பதாகச் சர்வதேச அணுசக்தி முகமையும் 2023 ஜூலையில் தெரிவித்தது.

ஆயினும் மீனவர் மனம் ஆறவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் இசைவைப் பெறாமல் எதுவும் செய்யமாட்டோம் என்று 2015-ஆம் ஆண்டு அவர்களுக்கு எழுத்து மூலம் வாக்களிக்கப்பட்டிருந்தது. மேலும், தொட்டிகளிலிருந்த நீரில் பெரும்பகுதியில் டிரிட்டியம் அல்லாத மற்ற அணுக்களும் வரம்புக்கு மேல் மீந்திருந்தன என்பது 2018-இல் தெரிய வந்தது. அந்நீரை மீண்டும் ஒருமுறை தூய்மை செய்த பின்பே விடவேண்டும் என்றாயிற்று. கல் தவறு செய்யவில்லை. கலத்தை உரிய காலத்தில் மாற்றுவதும், உண்மையை உரிய காலத்தில் சொல்வதும் மனிதரின் வேலை. பிடித்த மீனை விற்று வாழும் குடும்பத்துக்கு, ஆய்வுக்கூட எண்ணைவிட அதைச் சொல்பவர்மேல் உள்ள நம்பிக்கையே பெரிது.

நிறைந்த கலம் எங்கே போகிறது?

இப்போது நாம் மறக்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. நீர் தெளிந்தது, நஞ்சு எங்கே? பாட்டியின் பானை அடியிலுள்ள வண்டலைப் போல அது கலத்துக்குள் இருக்கிறது. முன்னைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிந்திருக்கிறது. அதன் கதிர்கள் கலத்திலுள்ள ஈரத்தைப் பிளந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குகின்றன. அது சேர்ந்தால் தீப்பற்றும். ஆகவே திரீ மைல் ஐலண்ட் கலங்களில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மீண்டும் நீராகச் சேர்க்கும் வினையூக்கியை இட வேண்டியதாயிற்று. அக்கலங்களுள் பல பின்னர் வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டுக்கு அனுப்பப்பட்டன. ஜியோலைட்டைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கிக் கட்டியாக்கும் முறை அங்கே செய்து காட்டப்பட்டது. கண்ணாடி நீரில் எளிதில் கரையாது; சீசியம் அதற்குள் சிறைப்பட்டிருக்கும்.

எந்த வடிவில் வைத்தாலும் முந்நூறு ஆண்டுக் காவல் தேவை. முந்நூறு ஆண்டு என்றால் எவ்வளவு? இன்றிலிருந்து முந்நூறு ஆண்டு பின்னோக்கிச் சென்றால், வீரமாமுனிவர் நம் தமிழ் மண்ணில் நடமாடித் தமிழ்ப் பணியும் திருப்பணியும் ஆற்றிக் கொண்டிருந்த காலத்தை அடைவோம். அன்று பூட்டிய ஒரு பெட்டியை இன்றுவரை ஒருவர் மாற்றி ஒருவர் திறவாமல் காத்து வந்திருந்தால் எப்படியோ, அப்படிப்பட்டது இப்பணி. இன்று நாம் ஏற்றும் விளக்குக்காக, இன்னும் பிறவாத பத்துத் தலைமுறையினர் காவல் நிற்க வேண்டும்.

முடிவாகச் சில எண்ணங்கள்

இதைப் படித்தபின் அணுசக்தி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தோழியர் வாதிடலாம். அது நல்லதே. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் ஓர் உண்மையை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உண்டான கழிவு நம்முடன் இருக்கிறது. அதைச் சுருக்கிப் பிடித்துக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை. கவரும் பொருள்கள் நஞ்சை இல்லாமற் செய்வதில்லை. பரந்து திரியும் ஆபத்தைக் காக்கத் தகுந்த ஓரிடத்தில் சேர்த்து நம் கையில் ஒப்படைக்கின்றன. எஞ்சிய பணி கல்லுடையது அன்று, நம்முடையது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், வரும் தலைமுறைக்கு நாம் செய்ய வேண்டிய நீதியைப் பற்றிக் கூறியுள்ளார். அந்த நீதிக்கு வேதியியல் வகுப்பிலும் இடமுண்டு. இருபது கோடி அயனிகளுக்கு நடுவே ஒன்றை அடையாளம் காணும் புதிய பொருள்களை இன்றும் உலகெங்கும் தேடி வருகிறார்கள். டிரிட்டியத்தைக் குறைந்த செலவில் பிரிக்கும் வழியும் இன்னும் தேடலுக்குரியதே. அத்தேடலில் நம் வகுப்புத் தோழியருள் ஒருத்தி நாளை சேரலாம்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் வடிதாளை மடித்துப் புனலில் வைக்கும்போது, கீழே சொட்டும் தெளிந்த நீரை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல், மேலே தங்கியதை என்ன செய்யப் போகிறோம் என்றும் ஒரு கணம் எண்ணுவோம். அவ்வெண்ணம் வந்துவிட்டால், நாம் கற்ற விஞ்ஞானம் பயனுடையதாகும்.